சின்ன வண்டும் கனத்த குலையும்

செம்பனைக் காட்டில் வேலை செய்பவர்களுக்கு ஆண் பூவின் வாசம் நன்றாகத் தெரியும். சோம்பை நசுக்கினாற்போல் மணக்கும். அதில் மொய்க்கும் கருத்த வண்டை, "பூச்சிதானே" என்று தட்டிவிட்டுப் போகிறோம். பாதி அரிசி அளவே உள்ள அந்த வண்டுதான் நம் நாட்டுச் செம்பனைத் தொழிலையே மாற்றியது என்றால் நம்புவீர்களா?

செம்பனை மேற்கு ஆப்பிரிக்க மரம். மரம் இங்கே வந்தது. அதன் கூட்டாளியான வண்டு வரவில்லை. காற்றே மகரந்தத்தைக் கொண்டு சேர்க்கும் என்று துரைமார் வெகுகாலம் நம்பினார்கள். காய் சரியாகப் பிடிக்காத தோட்டங்களில், மகரந்தத்தை டால்கம் தூளோடு கலந்து, ஆள் வைத்துப் பெண் பூவில் ஊத வேண்டியிருந்தது. மரம் மரமாக நடந்து அதைச் செய்தது தொழிலாளியின் கை.

பூச்சியியல் அறிஞர் ஆர். ஏ. சையத் கேமரூனுக்குப் போய் ஆராய்ந்தார். வண்டு ஆண் பூவைத் தின்று, அதிலேயே முட்டையிட்டு வாழ்கிறது. பெண் பூவும் அதே வாசம் வீசுவதால் ஏமாந்து அங்கும் போகிறது. உடம்பில் ஒட்டிய மகரந்தம் அங்கே உதிர்கிறது. அவ்வளவுதான் ரகசியம்! மற்ற பயிர்களுக்குக் கேடு செய்யுமா என்று சோதித்த பிறகே, 1981 பிப்ரவரியில் ஜொகூர் குளுவாங் வட்டாரத்தில் அதைப் பறக்கவிட்டார்கள். ஓரிரு ஆண்டுகளில் தீபகற்பம் முழுக்கப் பரவியது. காய் நிறையப் பிடித்தது, குலை கனத்தது, கையால் ஊதும் வேலை நின்றது.

கூலிம், பீடோங், சுங்கைப்பட்டாணிப் பக்கம் பால்மரம் நின்ற பல இடங்களில் இன்று செம்பனை நிற்கிறது. ஆகவே இது நம் கதையும்தான்.

அறிவியலைக் குறை சொல்ல வரவில்லை. ஆனால் ஒரு கேள்வி உண்டு. மகரந்தம் ஊதும் கூலி மிச்சமானது நிர்வாகத்துக்கு. கனத்த குலையை அறுத்துத் தூக்கும் தோள் யாருடையது? இயற்கை தந்த லாபத்தில் உழைப்பாளிக்கும் பங்கு வேண்டும். கூலி பேசும் மேசையில் இதை நம்மவர் எடுத்துச் சொல்ல வேண்டும்.

இன்னொன்று. பூச்சி மருந்தைக் கண்டபடி அடித்தால் இந்த வண்டும் சாகும். அடிக்கிறவர் உடம்பும் கெடும். அளவும் பாதுகாப்பும் கேட்பது நம் உரிமை.

"இந்த வண்டு ஏம்மா இங்கேயே மொய்க்குது?" என்று பிள்ளை கேட்டால், "சும்மா இரு" என்று அதட்டாதீர்கள். அப்படிக் கேட்ட ஒரு கேள்விதான் ஒரு தொழிலையே மாற்றியது. நம் வீட்டுப் பிள்ளையும் கேட்கட்டும், படிக்கட்டும், நாளைக்கு அந்தப் பதிலைக் கண்டுபிடிக்கிறவராக வரட்டும்.