ஓவியருக்குக் கட்டுரை எதற்கு?

படம் வரையத் தெரியும். சிலை செய்யத் தெரியும். ஆனால் கட்டுரை எழுத வராது. அப்படிப்பட்ட மாணவருக்குப் பட்டம் கொடுக்கலாமா, கூடாதா?

இங்கிலாந்து நாட்டில் இந்தக் கேள்வி 60 ஆண்டுகளுக்கும் மேலாக நடமாடுகிறது. இன்னும் முடிவு ஏற்படவில்லை. இப்போது புதிதாக ஒரு சிக்கலும் சேர்ந்திருக்கிறது.

எழுத மறுத்த மாணவர்

1959-ம் ஆண்டு. பிராட்போர்டு என்ற ஊரில் இருந்து ஓர் இளைஞர் லண்டனுக்கு வந்தார். பெயர் டேவிட் ஹாக்னி. அங்குள்ள ராயல் கலைக் கல்லூரியில் ஓவியம் படித்தார்.

1962-ல் படிப்பு முடியும் நேரம் வந்தது. டிப்ளமா வேண்டும் என்றால் ஒரு கட்டுரை எழுதித் தர வேண்டும். அதுதான் விதி. ஹாக்னி எழுத மறுத்துவிட்டார். ஓவியனை அவனுடைய படங்களைக் கொண்டுதான் எடை போட வேண்டும் என்பது அவர் வாதம்.

டிப்ளமா கிடைக்காது என்ற நிலை ஏற்பட்டது. ஹாக்னி அசரவில்லை. தனக்குத் தானே ஒரு டிப்ளமாவை உலோகத் தகட்டில் பொறித்து, அச்சிட்டுக் கொண்டார்!

கடைசியில் கல்லூரிதான் இறங்கி வந்தது. டிப்ளமா கொடுத்தது. தங்கப் பதக்கமும் கொடுத்தது. ஹாக்னி உலகப் புகழ் பெற்ற ஓவியர் ஆனார்.

அரசின் கணக்கு

"பார்த்தீர்களா, கட்டுரை வீண் வேலை!" என்று சிலர் சொல்லக்கூடும். அவசரப்படக் கூடாது. மறுபக்கத்துக்கும் ஒரு நியாயம் உண்டு.

அந்த நாளில் இங்கிலாந்தில் ஓவியப் படிப்பு என்றால் இளக்காரம். அது கைத்தொழில்தானே என்பார்கள். அந்தப் படிப்பை பல்கலைக்கழகப் பட்டத்துக்குச் சமமாக உயர்த்த அரசு விரும்பியது. யோசனை சொல்ல ஒரு குழுவை அமைத்தது. தலைவர் வில்லியம் கோல்ட்ஸ்ட்ரீம். அவரும் ஓர் ஓவியரே.

1960-ல் குழுவின் அறிக்கை வந்தது. படிப்பு நேரத்தில் ஏறத்தாழ 15 சதவீதம் கலை வரலாற்றுக்கும் பொது அறிவுப் பாடங்களுக்கும் ஒதுக்க வேண்டும் என்றது. 1963-ல் புதிய டிப்ளமா தொடங்கியது. 1974-ல் அது பட்டப் படிப்பாகவே மாறியது.

கை வேலைக்குக் கௌரவம் கிடைத்தது. அதற்குக் கொடுத்த விலைகளில் ஒன்று, கட்டுரை!

மாணவர்கள் இதை எளிதில் ஏற்கவில்லை. 1968-ம் ஆண்டு மே மாதம், லண்டனில் உள்ள ஹார்ன்சி கலைக் கல்லூரியில் மாணவர்கள் கட்டடத்துக்குள்ளேயே உட்கார்ந்து போராட்டம் தொடங்கினார்கள். பல வாரங்கள் நீடித்தது. அவர்கள் எழுப்பிய குறைகள் பல. பள்ளிப் பரீட்சையில் தேறவில்லை என்பதற்காக, வரையத் தெரிந்தவனுக்குக் கதவை மூடுவதா என்பதும் அவற்றில் ஒன்று.

எழுத மறுத்தவர் எழுதினார்

ஹாக்னியின் கதை 1962-ல் முடிந்துவிடவில்லை.

1999-ல் லண்டனில் ஆங்கர் என்ற பிரெஞ்சு ஓவியரின் படக் கண்காட்சி நடந்தது. ஹாக்னி போய்ப் பார்த்தார். மனித முகங்களைச் சின்னஞ்சிறு அளவில், பிசிறில்லாத கோடுகளில் ஆங்கர் வரைந்திருந்தார். வெறும் கண்ணால் பார்த்து இப்படி வரைய முடியுமா? ஹாக்னிக்குச் சந்தேகம் வந்தது. எதிரே இருப்பதைக் காகிதத்தின் மீது காட்டும் கண்ணாடிக் கருவி ஒன்று உண்டு. அதை வாங்கித் தாமே வரைந்து பார்த்தார். பழைய ஓவியங்களை வரிசையாக வைத்து ஒப்பிட்டார்.

2001-ல் ஒரு புத்தகமே எழுதினார். பழங்காலத்து ஓவியர்கள் பலர் கண்ணாடியும் லென்சும் பயன்படுத்தினார்கள் என்று வாதாடினார். அறிஞர்கள் பலர் மறுத்தார்கள். விவாதம் சூடு பிடித்தது.

ஒரு கட்டுரை எழுத மறுத்தவர் ஒரு புத்தகத்தை எழுதியது எப்படி? முன்பு கேள்வி கல்லூரியுடையது. பின்பு கேள்வி அவருடையது. வித்தியாசம் அதுதான்.

விரிசலில் பிறக்கும் கேள்வி

மண்பாண்டக் கலை படிக்கும் ஒரு மாணவியை எடுத்துக் கொள்வோம். சூளையில் இருந்து எடுத்த குடுவையின் பளபளப்புப் பூச்சில் மயிரிழை போல விரிசல்கள். ஏன்? ஆறும்போது மண்ணைவிடப் பூச்சு அதிகமாகச் சுருங்கினால் இப்படி விரியும். அவள் இதைக் குறையாக நினைக்கிறாள். ஆனால் சீனாவில் சோங் வம்ச காலத்துக் குயவர்கள் இதே விரிசலை வேண்டுமென்றே உண்டாக்கி, அழகாக்கினார்கள்!

குறை எப்போது அழகாகிறது? இது ஒரு கட்டுரைக்கான கேள்வி. அவள் இதை எழுதி முடித்தால், அடுத்த குடுவை வேறு விதமாக இருக்கும். அந்தக் கட்டுரை மார்க்குக்காக மட்டும் எழுதியது ஆகாது.

புதிய சிக்கல்

2022 நவம்பரில் சாட்ஜிபிடி என்ற கணினிச் செயலி வெளிவந்தது. "ஒரு பெரிய ஓவியரைப் பற்றிக் கட்டுரை கொடு" என்றால் நொடியில் எழுதிக் கொடுக்கிறது. மாணவர் எழுதினாரா, இயந்திரம் எழுதியதா? ஆசிரியர்கள் திகைக்கிறார்கள்.

யாரும் எழுதக்கூடிய தலைப்பைக் கொடுத்தால், இயந்திரமும் எழுதத்தான் செய்யும். ஆனால் தன் குடுவை ஏன் விரிந்தது, அதைக் கண்டு தன் மனதில் என்ன தோன்றியது என்பதை அந்த மாணவிதான் சொல்ல முடியும்.

எழுத்துக் கூட்டவே திணறும் மாணவர்களும் உண்டு. அவர்கள் வாயால் விளக்கிச் சொல்ல வழி செய்யலாம். சிந்தித்தாரா என்பதுதான் முக்கியம். எத்தனை பக்கம் என்பது அல்ல.

பிள்ளையை ஓவியக் கல்லூரியில் சேர்க்கும் பெற்றோர், "அங்கே போயும் கட்டுரையா?" என்று சலித்துக் கொள்ள வேண்டாம். "எதைப் பற்றி எழுதப் போகிறாய்?" என்று கேட்கட்டும். பிள்ளை தன் வேலையைக் காட்டிப் பதில் சொன்னால் கவலை இல்லை. அந்தப் பேனா தூரிகைக்குத் துணையாகத்தான் இருக்கும்.