பொசுக்னு அணையுற கம்ப்யூட்டரும் ஒரு 40 பக்க நோட்டும்!

நாளைக்குக் காலையில ஃபைனல் ரிவ்யூ. ராத்திரி பதினொரு மணிக்கு புராஜெக்ட் ரிப்போர்ட்டை டைப் பண்ணிட்டிருக்கீங்க. பொசுக்! மானிட்டர் கறுப்பு. திரும்ப ஆன் பண்ணினா வருது... பத்து நிமிஷத்துல மறுபடியும் பொசுக்! ஃப்ரெண்டுக்கு போன் போட்டா, "மச்சி, மதர்போர்டு அவுட்டுடா"ங்கறான். இன்னொருத்தன் "ரேமை மாத்து"ங்கறான். மூணாவது ஆள், "ஃபார்மட் பண்ணு, எல்லாம் சரியாயிடும்"னு சத்தியமே பண்றான். மூணு பேரும் உங்க கம்ப்யூட்டரைப் பார்த்ததுகூட இல்லை!

அதுவும் ஏற்காட்டுப் பசங்க பாடு தனி. சி.பி.யு பெட்டியை மடியில வெச்சுக்கிட்டு, 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி சேலம் கடைக்குக் கொண்டு போனா, அங்கே அது சமர்த்தா நாலு மணி நேரம் ஓடும். "ஒண்ணும் இல்லையே தம்பி!"னு திருப்பிக் கொடுப்பாங்க. மலையேறி வந்து வீட்டுல மாட்டினா... பொசுக்!

வெறுத்துடாதீங்க. கடையில ஒழுங்கா ஓடினதே ஒரு தடயம்தான். உங்க வீட்டு கரன்ட், பிளக் பாயின்ட், யு.பி.எஸ் இதெல்லாம் கடைக்குப் போகலையே! இல்லேன்னா, பஸ் குலுக்கின குலுக்கல்ல லூஸா இருந்த ரேம் சரியா உட்கார்ந்திருக்கும். அதனால, 'எது போச்சு?'னு கேட்கறதுக்கு முன்னாடி, 'எப்போ அணையுது, எப்படி அணையுது?'னு கேளுங்க. ஒரு 40 பக்க நோட்டு எடுத்துக்குங்க. அணையுற ஒவ்வொரு தடவையும் மணி என்ன, என்ன புரோகிராம் ஓடுச்சு, திரையில என்ன வந்தது, வெளியே மழையா, லைட் மினுக்குச்சா... எல்லாத்தையும் எழுதுங்க.

அதுக்கும் முன்னாடி ஒரு வேலை இருக்கு. புராஜெக்ட் ஃபைல்களை உடனே பென் டிரைவுக்கு காப்பி பண்ணிடுங்க. கோளாறு ஹார்ட் டிஸ்க்குல இருந்தா, அடுத்த தடவை அது எழுந்திருக்காமலே போகலாம். டிஸ்க்குல 'டிக்... டிக்...'னு சத்தம் கேட்டா சோதனையெல்லாம் வேண்டாம். ஆஃப் பண்ணி வெச்சுட்டு, டேட்டா எடுக்கத் தெரிஞ்சவர்கிட்ட கொடுங்க. சத்தம் இல்லேன்னா, கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோங்கற இலவச புரோகிராம் டிஸ்க்கோட உடம்பு எப்படி இருக்குன்னு சொல்லிடும்.

இப்போ, எப்படி அணையுதுன்னு பார்ப்போம். நீலத்திரை வந்து, படிக்கறதுக்குள்ள ரீஸ்டார்ட் ஆகுதா? விண்டோஸ்ல 'ஸ்டார்ட்அப் அண்ட் ரெகவரி' பகுதிக்குப் போய், 'ஆட்டோமேட்டிக்கலி ரீஸ்டார்ட்' டிக்கை எடுத்துடுங்க. அடுத்த தடவை திரை அப்படியே நிற்கும். அதுல இருக்கிற எரர் பேரை நோட்டுல எழுதுங்க. நீலமும் இல்லாம, சுவிட்சைத் தட்டின மாதிரி அணைஞ்சா சந்தேகம் ரெண்டு பேர் மேல... சூடு, கரன்ட். ஈவென்ட் வியூவர்ல 'கெர்னல்-பவர் 41'னு இருந்தா, 'பவர் சப்ளை போச்சு'ன்னு சிலர் தீர்ப்பே எழுதிடுவாங்க. அதுக்கு அர்த்தம், 'போன தடவை முறையா ஷட்டவுன் ஆகலை'ங்கறது மட்டும்தான். அது நமக்கே தெரியுமே!

'கடல்மட்டத்துல இருந்து 1,500 மீட்டர் உயரம், ஸ்வெட்டர் போடுற ஊர். இங்கே கம்ப்யூட்டர் சூடாகுமா?'னு கேட்கலாம். ஆகும்! ஹீட் சிங்க்ல தூசி அப்பிக்கிட்டா ஊர் குளிர் உள்ளே போகாது. தவிர, அந்த உயரத்துல காத்தோட அடர்த்தி சுமார் 15 சதவீதம் குறைவு. அதே ஃபேன் அதே வேகத்துல சுத்தினாலும், அள்ளிட்டுப் போற சூடு கொஞ்சம் கம்மிதான். கேம் ஆடினா பத்து நிமிஷத்துல அணைஞ்சு, உடனே ஆன் பண்ணினா ரெண்டே நிமிஷத்துல அணையுதா? சூடுதான் முதல் குற்றவாளி. ஹெச்.டபிள்யூ.மானிட்டர் போட்டுப் பாருங்க. பிராசஸர் 95 டிகிரி செல்சியஸை நெருங்கினா, பிளக்கைப் பிடுங்கிட்டுப் பெட்டியைத் திறங்க. பெயின்ட் பிரஷ்ஷால தூசி தட்டுங்க. ஃபேன் சுத்தாம விரலால பிடிச்சுக்கங்க. தெர்மல் பேஸ்ட் காய்ஞ்சிருந்தா புதுசு தடவணும்.

அடுத்து, ரேம். மலையில பனிமூட்ட ஈரம் அதிகம். அது ரேமோட தங்கநிறக் காலையும் ஸ்லாட்டையும் கெடுக்கும். ரேமைக் கழட்டி, ஐசோபுரொபைல் ஆல்கஹால் நனைச்ச துணியால மெதுவா துடைச்சு, காய்ஞ்சதும் 'கிளிக்'னு சத்தம் வர்ற மாதிரி மாட்டுங்க. பாதி கேஸ் இதுலேயே முடிஞ்சுடும். முடியலையா? மெம்டெஸ்ட்86+ஐ பென் டிரைவுல போட்டு ராத்திரி முழுக்க ஓடவிடுங்க. ஒரே ஒரு எரர் வந்தாலும் ஃபெயில்தான், இதுல கிரேஸ் மார்க் கிடையாது! எரர் வந்தா, ஒரு ரேம், ஒரு ஸ்லாட்னு மாத்தி மாத்திப் போடுங்க. ரேம் போற இடமெல்லாம் எரர் போனா, ரேம் குற்றவாளி. எந்த ரேம் போட்டாலும் ஒரே ஸ்லாட்ல எரர் வந்தா, கோளாறு போர்டு பக்கம். 2025 கடைசியில ரேம் விலை ஏறின ஏத்தத்தைப் பார்த்தவங்களுக்கு, நல்ல ரேமைத் தூக்கிப் போடறது எவ்வளவு பெரிய பாவம்னு புரியும்.

மூணாவது, கரன்ட். ஃபிரிட்ஜோ மோட்டாரோ ஓட ஆரம்பிக்கிற நேரத்துலதான் அணையுதுன்னு நோட்டு சொல்லுதா? வீட்டு லைனையும் யு.பி.எஸ் பேட்டரியையும் பாருங்க. அதே சி.பி.யு.வை ஃப்ரெண்டு வீட்டுல ஒரு நாள் ஓட்டினா பதில் கிடைச்சுடும். அங்கேயும் அணைஞ்சா எஸ்.எம்.பி.எஸ்.ஸை சந்தேகப்படலாம். 12 வோல்ட் லைன், கம்ப்யூட்டர் ஓடும்போது 11.4க்கும் 12.6க்கும் நடுவுல நிற்கணும். இதை மல்டிமீட்டர் பிடிக்கத் தெரிஞ்சவர்தான் பார்க்கணும். எஸ்.எம்.பி.எஸ் பெட்டியை மட்டும் நீங்க திறக்கவே திறக்காதீங்க. பிளக்கைப் பிடுங்கினாலும் உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல தங்கியிருக்கலாம்!

மதர்போர்டுல உருளை உருளையா நிற்கிற கெபாசிட்டர்களோட தலையைப் பாருங்க. தட்டையா இருக்கணும். உப்பியிருந்தா, கசிஞ்சிருந்தா நோய் அங்கேதான். 2000களோட தொடக்கத்துல தரமில்லாத கெபாசிட்டர்கள் உலகம் முழுக்க மதர்போர்டுகளைக் காலி பண்ணின கதை உண்டு. கெட்டுப்போன மதர்போர்டுகளை மாத்திக் கொடுக்க, 2005-ல டெல் கம்பெனி 30 கோடி டாலர் ஒதுக்க வேண்டி வந்தது. வீட்டுல ஒரு பழைய கம்ப்யூட்டர் தூங்கிட்டிருந்தா, திறந்து பாருங்க.

மலைக்குன்னே இருக்கிற இன்னொரு விஷயம், எர்த். சேர்வராயன் மலை பெரும்பாலும் சார்னகைட் பாறை. பாறையில எர்த் குழி சரியா அமையறது கஷ்டம், அதுவும் கோடையில மண் காய்ஞ்சா ரொம்ப மோசம். கேபினட்டைத் தொட்டா 'சுர்ர்'னு இழுக்குதா? எர்த் இல்லைன்னு அர்த்தம். எர்த் இல்லாட்டி, நீங்க காசு கொடுத்து வாங்கின ஸ்பைக் பஸ்டர் பாதி வேலையைக்கூட செய்யாது. முதல்ல எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்க. ஏப்ரல், மே மாசத்து சாயங்கால இடி மழைக்கு முன்னாடி பவர் பிளக்கையும் நெட் கேபிளையும் பிடுங்கி வைக்கிறதுதான் நிஜமான பாதுகாப்பு.

எதைச் செஞ்சாலும் ஒரே ஒரு விதி... ஒரு நேரத்துல ஒரு மாற்றம் மட்டும்! ரேமைத் துடைச்சு, பேஸ்ட் தடவி, விண்டோஸையும் புதுசா போட்டு, கம்ப்யூட்டர் சரியாயிடுச்சுன்னா எதனால சரியாச்சுன்னு யாருக்கும் தெரியாது. அடுத்த மாசம் அது திரும்ப வந்தா, முதல்ல இருந்து ஆரம்பிக்கணும்.

இவ்வளவுக்கும் பிடிபடலையா? அப்போ கடைக்குப் போங்க. ஆனா, நோட்டோட போங்க! "அண்ணே, ரேமை டெஸ்ட் பண்ணியாச்சு, சூடு 60-ஐத் தாண்டலை, ஃப்ரெண்டு வீட்டுலேயும் அணையுது"ன்னு சொல்லிப் பாருங்க. "மதர்போர்டையே மாத்திடலாம் தம்பி"ங்கற பேச்சு அவர் வாயில சட்டுனு வராது. எஸ்.எம்.பி.எஸ்.ஸைத்தான் முதல்ல கழட்டுவார்!