அரங்கேற்றத்துக்குச் சரி, பள்ளி மேடைக்கு ஏன் வேண்டாம்?

"மியூசிக்கல்ல மெயின் வேஷம் கிடைச்சிருக்கு, ஆனா வீட்டில விடமாட்டினம்." ஒக்டோபர் மாதம் வந்தால் யாராவது ஒரு தம்பியோ தங்கையோ என்னிடம் இதைச் சொல்லத் தவறுவதில்லை. இந்த முறை சொன்னவன் என் அக்காவின் மகன். ஸ்காபரோவில் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறான். பள்ளியில் 'ஃபிட்லர் ஒன் த ரூஃப்' போடுகிறார்கள். அவனுக்கு வந்தது தெவ்யே, அந்தக் கதையின் அப்பா. கிட்டத்தட்ட எல்லாக் காட்சியிலும் நிற்க வேண்டிய வேடம். வாரத்தில் மூன்று நாள், பள்ளி விட்டபின் ஒத்திகை.

அக்காவின் பதில் ஒரே வரிதான். "கூத்தாடவோ உன்னைப் படிக்க விட்டது?"

நான் அவன் பக்கம். காரணத்தைச் சொல்கிறேன்.

இதே பிள்ளைக்கு இரண்டு வருடத்துக்கு முன் மிருதங்க அரங்கேற்றம் நடந்தது. ஒரு வருடம் முழுக்கச் சனி ஞாயிறு பயிற்சி. மண்டபம், பாடகர், வயலின், அச்சடித்த அழைப்பிதழ், முன்னூறு பேருக்குச் சாப்பாடு. அப்போது படிப்புக் கெட்டுவிடும் என்று எங்கள் வீட்டில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. அதைக் குறையாகச் சொல்லவில்லை, அந்த மேடையில் அவனைப் பார்த்து நானும் கண் கலங்கியவன்தான். ஆனால் அங்கே போன நேரம் முதலீடு, இங்கே போகிற நேரம் வீண் என்ற கணக்கு எனக்கு விளங்கவில்லை. பள்ளி மேடைக்கு வீடியோக்காரர் வரமாட்டார், சொந்தக்காரர் வரமாட்டார்கள். வித்தியாசம் அதுதான் என்று சில நேரம் தோன்றும்.

பாட்டும் நடிப்பும் கலந்த மேடை நமக்குப் புதிதும் இல்லை. காங்கேசன்துறையில் நடிகமணி வி. வி. வைரமுத்து அரிச்சந்திரனாக நின்று மயான காண்டம் பாடியதை, கோயில் திருவிழாவில் விடியவிடியப் பாய் விரித்திருந்து பார்த்தவர்கள் நம் அம்மம்மாமார். அதுவும் மியூசிக்கல்தானே. 'கூத்தாடுறது' என்று நாம் இகழ்ச்சியாகச் சொல்கிற சொல்லுக்குப் பின்னால் இவ்வளவு பெரிய மரபு இருக்கிறது.

ஒத்திகையில் உண்மையில் என்ன நடக்கிறது என்று பெற்றோருக்குத் தெரியாது. எனக்குக் கொஞ்சம் தெரியும். நான் மேடையில் ஏறியதில்லை, பன்னிரண்டாம் வகுப்பில் ஒலி மேசைக்குப் பின்னால் இருந்தவன். முதல் வாரங்களில் வெறும் வாசிப்பு. பிறகு யார் எந்த வசனத்துக்கு எங்கே நகர்வது என்று தீர்மானிப்பார்கள், அதைப் பிரதியில் பென்சிலால்தான் குறிக்க வேண்டும். உரிமையோடு வாடகைக்கு வந்த புத்தகம், நாடகம் முடிந்ததும் அழித்துத் திருப்பிக் கொடுக்க வேண்டியிருந்தது. பிடிக்காத வசனத்தை ரீச்சர் கூட மாற்ற முடியாது, உரிமை வைத்திருப்பவர்கள் சம்மதிக்க வேண்டும். பிறகு ஒரு நாள் குறிப்பார்கள், அன்றிலிருந்து கையில் புத்தகம் இருக்கக் கூடாது.

முக்கிய வேடக்காரருக்கு வசனம் பாடமாக்குவது பெரிய வேலை இல்லை. மற்றவர் பாடும்போது சும்மா நிற்பதுதான் பெரிய வேலை. மூன்று நிமிடம் உன் மகள் பாடுகிறாள், நீ ஒன்றும் செய்யாமல், ஆனால் முழுக்கக் கேட்டுக்கொண்டு நிற்க வேண்டும். மருமகனுக்கு அது வரவேயில்லை. மிருதங்கக்காரன் கை சும்மா இருக்காது, வால்ஸ் வந்தால் தொடையில் திஸ்ரம் போட்டுக்கொண்டே நிற்பான். ரீச்சர் பத்துத் தரம் நிறுத்தினாராம். என் வேலையில் வாடிக்கையாளர் பேசி முடிக்கும் முன்பே பதில் சொல்லத் தொடங்குகிற கெட்டிக்காரப் பொறியியலாளர்களைத் தினமும் பார்க்கிறேன். அவர்களை யாராவது இப்படி நிறுத்தியிருந்தால் நல்லது.

இனிக் கதைக்கு வருகிறேன். 1964இல் பிராட்வேயில் வந்த நாடகம் இது. ஷோலம் அலெய்ஹெம் யித்திய மொழியில் எழுதிய கதைகள்தான் மூலம். 1905இல் ஜார் ஆண்ட ரஷ்யாவில் ஒரு யூதக் கிராமம். பால்காரன் தெவ்யேக்கு மகள்மார். மூத்தவள் அப்பா பேசிய இறைச்சிக்கடைக்காரனை விட்டுத் தையல்காரனைக் கேட்கிறாள், அப்பா இறங்கிவருகிறார். அடுத்தவள் ஒரு புரட்சிக்காரனுக்காகச் சைபீரியா போகிறாள், அதற்கும் இறங்கிவருகிறார். மூன்றாமவள் கிறிஸ்தவப் பையனைக் கட்டுகிறாள். அங்கே அவரால் முடியவில்லை, அவளை இல்லை என்றாக்கிவிடுகிறார்.

அந்தக் காட்சியை அவன் எங்கள் வீட்டு ஹோலில் பழகினான். கத்தாதே, மெதுவாகத் திரும்பு என்று ரீச்சர் சொல்லியிருந்தார். இரண்டு தரம் திரும்பிப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டான்: "மாமா, சித்தி விசயத்தில அம்மப்பாவும் இப்பிடித்தான் செய்தவரோ?" சித்தி என்றால் என் தங்கை. யாரைக் கட்டினாள் என்பதற்காக ஒன்பது வருடமாக அந்த வீட்டில் அவள் பெயர் எடுபடுவதில்லை. அடுத்த அறையில் அப்பா பார்த்துக்கொண்டிருந்த டிவியின் சத்தம் குறைந்தது. ஓம் என்றேன். இவ்வளவு காலமும் அவனுக்கு யாரும் சொல்லாத விசயம், ஒரு வேடத்தைப் பழகியதால் கேட்டான், அதுவும் தமிழில்.

கடைசியில் கிராமமே வெளியேற்றப்படுகிறது, மூன்று நாள் தவணை. 1971இல் வந்த படத்தைப் பெரியம்மாவோடு இருந்து பார்த்தோம். (அதை இயக்கிய நோர்மன் ஜூவிசன் நம் ரொறன்ரோவில் பிறந்தவர். பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள், அவர் யூதர் இல்லை.) படத்தில் தையல்காரனுக்குப் புது மெஷின் வந்ததும் பெரியம்மா தன் சிங்கர் மெஷினைப் பற்றிச் சொல்லத் தொடங்கினா. 1995 ஒக்டோபர் 30, யாழ்ப்பாணத்தைவிட்டு மழைக்குள் நாவற்குழிப் பக்கம் நடந்த கதை. காணி உறுதியை எடுத்தா, மெஷினை எடுக்க ஏலவில்லை. அதற்கு ஐந்து வருடத்துக்கு முன், அதே ஒக்டோபரில், யாழ்ப்பாணத்து முஸ்லிம் மக்களைப் புலிகள் வெளியேற்றியபோது கொடுத்த தவணை இரண்டு மணித்தியாலம். அதையும் அவனுக்குச் சொன்னேன். சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்குப் பத்து வருடம் போனவன், இரண்டையும் அன்றுதான் முதன்முறை கேட்டான்.

யூதக் கதையில் தமிழ்ப் பையனுக்கு என்ன வேலை என்று உங்களில் சிலர் கேட்பீர்கள், நியாயமான கேள்வி. நடிக்கலாம், ஆனால் கேட்டுப் பழக வேண்டும் என்பது என் எண்ணம். பொய்யான உச்சரிப்பு, கேலிக்குரிய தாடி எல்லாம் வேண்டாம். வெள்ளி மாலை மெழுகுதிரி ஏற்றும் காட்சிக்கு அவன் ஒரு யூத வகுப்புத் தோழியிடம் போய், கையை எப்படி வைப்பது, கண்ணை ஏன் மூடுவது என்று கேட்டு வந்தான். நம் வீட்டுத் திருநீற்றை யாராவது கன்னத்தில் பூசி மேடையேறினால் நமக்கு எப்படி இருக்கும்?

புள்ளி விசயம். ஒன்ராறியோவில் பல்கலைக்கழகங்கள் முக்கியமாகப் பார்ப்பது பன்னிரண்டாம் வகுப்பின் ஆறு பாடங்களை. பதினொன்றில் ஒரு நாடகம் அதைக் கவிழ்க்காது. வாட்டர்லூ பொறியியலுக்கு விண்ணப்பித்தால் வகுப்புக்கு வெளியே என்ன செய்தாய் என்று தனிப் படிவமே கேட்கும். வீட்டில் வாதாட இது உதவும், ஆனால் படிவத்துக்காக மட்டும் நடிக்கப் போகாதீர்கள், இரண்டாம் வாரமே அலுத்துவிடும். பன்னிரண்டில் கல்குலஸ், பௌதிகம், இரசாயனம் மூன்றும் ஒரே செமெஸ்டரில் விழுந்து, பகுதிநேர வேலையும் இருந்தால், பெரிய வேடத்தை விட்டுச் சின்ன வேடம் கேளுங்கள். அதில் வெட்கம் இல்லை.

வீட்டில் கேட்கப் போகும்போது ஒத்திகை அட்டவணையை அச்சடித்துக் கொண்டுபோங்கள். சோதனை நாட்களை அதிலேயே குறியுங்கள். யார் கூட்டிவருவது என்ற கேள்விக்குப் பதிலோடு போங்கள், பல வீடுகளில் உண்மையான தடை அதுதான். இரவு வேலைக்குப் போகிற அப்பாவால் ஆறு மணிக்குப் பள்ளி வாசலில் நிற்க முடியாது, அதை அவர் படிப்பு என்ற பெயரில் சொல்லுவார்.

எங்கள் வீட்டில் இரசாயன ரியூசனை ஞாயிறு காலைக்கு மாற்றியாயிற்று. செவ்வாயும் வியாழனும் நான் கூட்டிவருகிறேன், புதன் அவன் பஸ்ஸில் வருவான். அக்கா இன்னும் ஓம் என்று சொல்லவில்லை. ஆனால் போன கிழமை அவனுக்குத் தொண்டை கட்டியபோது கொத்தமல்லி அவித்துக் கொடுத்தா.