விலை 200 மடங்கு அதிகம், பலன்? ஹெர்னியா மெஷ் சொல்லித் தரும் பணப் பாடம்

எஸ்ஐபி, டேக்ஸ்னு பேசுற இடத்துல இன்னைக்கு ஆபரேஷன் தியேட்டர் பக்கம் போறோம். காரணம், பல குடும்பங்கள்ல வருஷக்கணக்கா சேர்த்த பணம் கரையுற இடம் அதுதான்.

ஒரு சூழ்நிலையை யோசிச்சுப் பாருங்க. உங்க அப்பாவுக்குப் பழைய ஆபரேஷன் தழும்புல வயிறு புடைச்சிருக்கு. ஹெர்னியா. அதே ஆபரேஷன்ல குடல்லயும் ஒரு வேலை இருக்கு. குடலைத் திறந்தா கிருமி வெளியே வரும், காயம் சுத்தமா இருக்காது. "சாதாரண மெஷ் வேண்டாம், பயாலஜிக் மெஷ் போட்டுடலாம். கொஞ்சம் காஸ்ட்லி. இன்ஷூரன்ஸ் இருக்குல்ல?"ன்னு கேக்குறாங்க.

நீங்க என்ன சொல்வீங்க? "எது பெஸ்ட்டோ அதையே போடுங்க." நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். ஆனா காஸ்ட்லியா இருக்கறதுதான் பெஸ்ட்டா? என் கருத்து: இந்தக் கேள்வியைக் கேக்காம கையெழுத்துப் போடக்கூடாது.

ரெண்டு மெஷ்ஷுக்கும் என்ன வித்தியாசம்?

சாதாரண மெஷ்னா பெரும்பாலும் பாலிப்ரோப்பிலீன், அதாவது ஒரு வகை பிளாஸ்டிக் வலை. பயாலஜிக் மெஷ் பன்றித் தோல், மாட்டு இதய உறை, தானமா வந்த மனிதத் தோல் மாதிரியானதுல இருந்து செல்களை நீக்கிட்டுத் தயாரிக்கறது. நம்ம உடம்போட ரத்தக்குழாய்கள் அதுக்குள்ள வளரும், அதனால கிருமி இருக்கற இடத்துலயும் தாக்குப்பிடிக்கும்ங்கறது நம்பிக்கை. கேக்க நியாயமாத்தான் இருக்கு. ஆனா அமெரிக்காவுல இந்த வகை மெஷ் பலதும், ஏற்கனவே விற்பனையில இருக்கற பொருளுக்கு நிகரானதுன்னு காட்டினா போதும்ங்கற வழியில சந்தைக்கு வந்தவை. பிளாஸ்டிக் மெஷ்ஷை விட நல்லதுன்னு நேருக்கு நேர் நிரூபிச்சுட்டு வரல.

நேருக்கு நேர் வெச்சுப் பார்த்தப்போ

அமெரிக்காவுல 5 மருத்துவ மையங்கள்ல, இப்படிக் கிருமி கலந்த காயம் உள்ள 253 பேரைக் குலுக்கல் முறையில ரெண்டு குழுவாப் பிரிச்சாங்க. ரெண்டு வருஷம் பின்தொடர்ந்தாங்க. முடிவு 2022-ல 'ஜாமா சர்ஜரி' இதழ்ல வந்துச்சு.

- ஹெர்னியா திரும்ப வந்தது: பயாலஜிக் 20.5%, சாதாரண மெஷ் 5.6%.
- மறுபடி ஏதாவது சிகிச்சை செய்ய வேண்டி வந்த காயப் பிரச்சினைகள்: பெரிய வித்தியாசம் இல்லை.
- மெஷ்ஷோட நடுத்தர விலை: பயாலஜிக் 21,539 டாலர், சாதாரணம் 105 டாலர்.

ஒரு டாலர் 85 ரூபாய்னு வெச்சா, சுமார் 18 லட்சத்துக்கு எதிரா சுமார் 9,000 ரூபாய்! இது அமெரிக்க விலை, நம்ம ஊர் பில் வேற மாதிரி இருக்கும். ஆனா பாடம் ஒண்ணுதான்: 200 மடங்கு விலை கொடுத்தும் இன்ஃபெக்ஷன் பக்கம் லாபம் இல்லை, ஹெர்னியா திரும்ப வர்றதுதான் கூடுச்சு. திரும்ப வந்தா இன்னொரு ஆபரேஷன், இன்னொரு பில், இன்னொரு மாச லீவு. இந்த ரெண்டாவது செலவை எந்த எஸ்டிமேட்லயும் போட மாட்டாங்க.

ஒரு எச்சரிக்கை. காயத்தை நாலு வகையாப் பிரிப்பாங்க. இந்த ஆய்வு நடு ரெண்டு வகைக்குத்தான். ஏற்கனவே சீழ் பிடிச்ச காயத்துக்கு இதை அப்படியே பொருத்தக்கூடாது. முடிவு சர்ஜனோடது. கேள்வி கேக்கற உரிமை உங்களோடது.

"இன்ஷூரன்ஸ்தானே கட்டுது?"

இங்கதான் நிறைய பேர் ஏமாறுறோம். ஆபீஸ் பாலிசில குடும்பத்துக்கே 5 லட்சம் கவர்னா, ஒரு மெஷ் பெரும் பகுதியைச் சாப்பிட்டுட்டா அந்த வருஷம் அம்மாவுக்கு ஏதாவது ஆனா உங்க சேவிங்ஸ்தான். இன்னொண்ணு, தனியா எடுக்கற பல பாலிசிகள்ல ஹெர்னியாவுக்கு 24 மாசம் வெயிட்டிங் பீரியட் உண்டு. ஆபீஸ் கவரை நம்பியிருந்து வேலையை விட்டா, புதுசா எடுக்கற பாலிசி உடனே கைகொடுக்காது.

கையெழுத்துக்கு முன்னாடி கேளுங்க

1. இந்தக் காயம் எந்த வகை? சாதாரண மெஷ் ஏன் சரிவராது?
2. மெஷ்ஷோட பேரு, கம்பெனி, எம்ஆர்பி என்ன? எஸ்டிமேட்ல தனி வரியாப் போட்டுத் தருவீங்களா?
3. திரும்ப ஹெர்னியா வர வாய்ப்பு எவ்வளவு?
4. பாலிசில இம்ப்ளான்ட்டுக்கு லிமிட் இருக்கா? இதை மெஷ் பேரோட டிபிஏ கிட்ட கேளுங்க.

அவசரம் இல்லாத ஆபரேஷன்னா இன்னொரு சர்ஜனோட கருத்தும் வாங்குங்க. சில நூறு ரூபாய் கன்சல்டேஷன் ஃபீஸ் லட்சங்களைக் காப்பாத்தலாம்.

போன் வாங்க பத்து ரிவ்யூ பாக்குறோம். அப்பா வயித்துக்குள்ள வெக்கப்போற பொருளுக்கு நாலு கேள்வி கேக்கறதுல தப்பே இல்லை. உங்க ஆபீஸ் பாலிசி பிடிஎஃப்பை இன்னைக்கே திறந்து 'ஹெர்னியா'ன்னு தேடிப் பாருங்க. என்ன போட்டிருக்குன்னு கமென்ட்ல சொல்லுங்க, அடுத்த வீடியோல பேசலாம்.