தேர்வு மட்டும் எழுதி வரட்டும். தனியே மட்டும் விடாதீர்கள்

அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் செவிலியர் உதவியாளர் ஆவதற்கு ஒரு நாள்கூடப் பயிற்சி வகுப்பில் உட்கார வேண்டியதில்லை. 18 வயது ஆகியிருக்க வேண்டும், அல்லது உயர்நிலைப் பள்ளிப் படிப்பை முடித்திருக்க வேண்டும். குற்றப் பின்னணிச் சோதனையில் தேற வேண்டும். எழுத்துத் தேர்வு, செய்முறைத் தேர்வு இரண்டிலும் வெற்றி பெற வேண்டும். அவ்வளவுதான், மாநிலப் பதிவேட்டில் பெயர் ஏறிவிடும். நோயாளியைத் தொடும் வேலைக்கு இப்படி ஆள் எடுக்கலாமா என்று, ஊரில் என்னுடன் நர்சிங் படித்த தோழிகள் கேட்கிறார்கள். எடுக்கலாம் என்பதுதான் என் கருத்து. தாம்பா நகருக்கு அருகே ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்தில் பதிவு பெற்ற செவிலியராக வேலை பார்க்கிறேன். என் ஷிஃப்டில் இருக்கும் உதவியாளர்களில் வகுப்பில் படித்து வந்தவர்களும் உண்டு, நேரடியாகத் தேர்வு எழுதி வந்தவர்களும் உண்டு. இரு தரப்பையும் படுக்கையருகே பார்த்தவள் என்ற முறையில் சொல்கிறேன்: இந்த வாசல் திறந்திருப்பதில் தவறில்லை. உள்ளே வந்தவரை முதல் வாரத்திலேயே தனியாக விடுவதுதான் தவறு.

செவிலியர் உதவியாளரை சி.என்.ஏ. என்று இங்கே சுருக்கமாகச் சொல்வார்கள். குளிப்பாட்டுவது, உடை மாற்றுவது, கழிப்பறைக்கு அழைத்துப்போவது, ஊட்டிவிடுவது, படுத்த படுக்கையாக இருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டிப் படுக்க வைப்பது, நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் பார்த்துக் குறித்துவைப்பது எல்லாம் அவர்கள் வேலை. நாடு முழுக்கச் சுமார் 14 லட்சம் பேர் இந்த வேலையில் இருக்கிறார்கள். டாக்டர் எப்போதாவது வருவார். செவிலியர் மாத்திரை தரும்போது வருவார். ஒரு முதியவரின் உடம்பில் புதிதாக ஒரு சிவப்புத் தடம் தெரிந்தால், அதை முதலில் பார்க்கும் கண் உதவியாளருடையது.

1980-கள் வரை இந்த வேலைக்கு நாடு தழுவிய தகுதி எதுவும் கிடையாது. முதியோர் இல்லங்களில் ஆட்களைக் கட்டிப்போட்டு வைப்பதும், ஈரத்திலேயே கிடக்க விடுவதும் பெரிய பிரச்சினையாகி, 1986-ல் அமெரிக்காவின் ‘இன்ஸ்டிடியூட் ஆஃப் மெடிசின்’ அமைப்பின் ஆய்வறிக்கை வந்தது. அதையொட்டி 1987-ல் கூட்டரசு சட்டம் இயற்றியது. உதவியாளருக்குக் குறைந்தது 75 மணி நேரப் பயிற்சி, அதில் 16 மணி நேரம் செவிலியர் மேற்பார்வையில் நேரடிச் செய்முறை, பிறகு தேர்வு. பல மாநிலங்கள் இதற்கு மேலும் கேட்கின்றன. ஃபுளோரிடாவின் பயிற்சி 120 மணி நேரம், கலிபோர்னியாவில் 160. ஆனால், அதே சட்டம் பயிற்சியில்லாமல் தேர்வு மட்டும் எழுதித் தேறுவதையும் அனுமதிக்க இடம் வைத்திருக்கிறது. அந்த இடத்தை ஃபுளோரிடா யாருக்கும் திறந்துவிட்டிருக்கிறது. வேறு பல மாநிலங்கள், செவிலியர் படிப்பில் இருக்கும் மாணவர்களுக்கும் வெளிநாட்டில் நர்சிங் முடித்தவர்களுக்கும் மட்டும் திறக்கின்றன.

இதனால் யாருக்குப் பலன் என்பதை என் மதினியை வைத்துச் சொல்கிறேன். என் கணவரின் அக்கா அவர். தம்பி ஸ்பான்சர் செய்து, 10 ஆண்டுகளுக்கு மேல் வரிசையில் காத்திருந்து, ஐம்பதை நெருங்கும் வயதில் அம்பாசமுத்திரத்திலிருந்து வந்து சேர்ந்தார். பிளஸ் டூ படிப்பு. பகலில் மளிகைக் கடையில் வேலை. வாரம் ஐந்து நாள் வகுப்புக்குப் போக நேரமில்லை, தனியார் பள்ளிகள் கேட்கும் கட்டணத்துக்கும் வழியில்லை. ஆனால், பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்துபோன மாமியாரைக் கடைசி நாள்வரை வீட்டிலேயே வைத்துப் பார்த்தவர். அத்தனை ஆண்டு படுக்கையில் கிடந்த அந்த அம்மாவுக்குப் படுக்கைப்புண் வரவே இல்லை. மருத்துவமனையில் வேலை பார்ப்பவர்களுக்குத்தான் தெரியும், அது எவ்வளவு பெரிய விஷயம் என்று.

தேர்வுக்கு நான் அவருக்குச் சொல்லிக்கொடுத்தேன். எங்கள் வீட்டுக் கட்டில்தான் நோயாளியின் படுக்கை. பத்தாம் வகுப்புப் படிக்கும் என் மகள்தான் நோயாளி. உடை மாற்றுவதைச் செய்துகாட்டச் சொன்னேன். சட்டையை எடுத்தவர் கேட்காமலே விழுந்துபோன கைப்பக்கம் முதலில் மாட்டினார், கழற்றும்போது நல்ல கையில் ஆரம்பித்தார். தேர்வில் மதிப்பெண் தரும் முறை இதுவேதான். "யார் சொல்லித் தந்தாங்க மதினி?" என்றேன். "ரவிக்கை போட்டுவிட்டா தெரிஞ்சிரும்ல" என்றார். பழைய பருத்திச் சேலையை நாலாக மடித்து முதுகுக்கடியில் போட்டு, அதைப் பிடித்து இழுத்துப் புரட்டியிருக்கிறார். இங்கே அதே வேலையை ஒரு விரிப்பால் செய்கிறோம். சாப்பாடு கொடுத்தபின் இடது கன்னத்துக்குள் விரல் விட்டுப் பார்ப்பாராம், பருக்கை ஒதுங்கியிருக்கிறதா என்று. உணர்வில்லாத பக்கத்தில் ஒதுங்கும் உணவு மூச்சுக்குழலுக்குள் போனால் நிமோனியா வரும் என்பது எங்களுக்குப் பாடம். அவருக்கு அது பயத்தில் கற்றது. இந்த அறிவுக்கு 120 மணி நேர வகுப்பு எதையும் கூட்டியிருக்கப் போவதில்லை.

ஆனால், அதே கட்டிலில்தான் மற்றதையும் பார்த்தேன். மகளை எழுப்பி நாற்காலியில் உட்கார வைக்கச் சொன்னபோது, இரண்டு அக்குளிலும் கைகொடுத்துத் தூக்கினார். பக்கவாதக்காரரை அப்படித் தூக்கினால் தோள்மூட்டு நழுவிவிடும். தூக்குபவர் முதுகும் போய்விடும். இடுப்பில் பட்டை கட்டி, அதைப் பிடித்து எழுப்ப வேண்டும். கதவைச் சாத்தாமல், திரையை இழுக்காமல் உடை மாற்றத் தொடங்கினார். வீட்டில் அதற்குத் தேவை இருந்திருக்காது. குளிக்கலாமா என்று கேட்பதில்லை, குளிக்க வைக்கிறேன் என்றுதான் வரும். எல்லாவற்றையும்விட மாற்றக் கடினமாக இருந்தது ஊட்டுவது. நோயாளிக்கு ஒரு கை நன்றாக இருந்தால் ஸ்பூனை அவர் கையில் கொடுத்து, சிந்தினாலும் பொறுத்து, அவரையே சாப்பிட விட வேண்டும். மதினிக்கு இது ஒப்பவே இல்லை. "ஊட்டிவிடாம சும்மா உக்காந்திருந்தா ஊர் என்ன சொல்லும்?" என்று கேட்டார். அந்த நல்ல கையையும் நாமே முடக்கிப்போடுகிறோம் என்று சொல்லிப் புரியவைக்கப் பல இரவுகள் ஆயின.

முதல் செய்முறைத் தேர்வில் சக்கர நாற்காலியின் பிரேக்கைப் போடாமல் நோயாளியை மாற்றியதால் தோற்றார். அடுத்த முறை தேறினார். தேர்வை நான் நம்புவதற்கு இதுவே காரணம். அங்கே உங்கள் பேச்சுக்கு மதிப்பில்லை, கைக்குத்தான் மதிப்பு. எந்தத் திறனைக் கேட்பார்கள் என்பது முன்கூட்டியே தெரியாது. கை கழுவுவதில் தொடங்கி, அழைப்பு மணியை நோயாளியின் கைக்கெட்டும் இடத்தில் வைத்துவிட்டு வெளியேறுவது வரை பார்க்கிறார்கள். ஃபுளோரிடாவில் மூன்று முறை தோற்றால் பயிற்சி வகுப்புக்குப் போய்த்தான் ஆக வேண்டும். ஆங்கிலம் சரளமாக வாசிக்க வராதவர்கள், கேள்விகளைக் காதால் கேட்டுப் பதில் தரும் வாய்மொழித் தேர்வைத் தேர்ந்தெடுக்கலாம். இது நியாயமான சல்லடை. அனுபவமில்லாமல் அதிர்ஷ்டத்தை நம்பி வருகிறவர்கள் பெரும்பாலும் இதிலேயே நின்றுவிடுகிறார்கள்.

பிரச்சினை அதற்குப் பிறகு வருகிறது. மதினி முதலில் சேர்ந்த இல்லத்தில், சேர்ந்த வாரத்திலேயே இரவு ஷிஃப்டில் ஒரு வரிசை முழுவதையும் அவர் தலையில் கட்டினார்கள். நடக்க முடியாத ஒருவரைத் தூக்கி மாற்ற இயந்திரத் தூக்கி ஒன்று இருந்தது. அதுவரை அதை அவர் தொட்டதே இல்லை, தேர்விலும் கேட்கப்படவில்லை. காட்டிக்கொடுக்க யாருமில்லை. தெரியாமல் தொட மாட்டேன் என்று செவிலியரைக் கூப்பிட்டு நிறுத்தி வைத்ததால் யாருக்கும் எதுவும் ஆகவில்லை. வேலை போய்விடுமோ என்று அஞ்சி அந்தக் கொக்கியை எப்படியோ மாட்டியிருக்கக்கூடிய இளம்பெண்களை எனக்குத் தெரியும். அப்படிக் கொக்கி நழுவிக் கீழே விழுந்து இடுப்பெலும்பு முறிந்த முதியவர்கள் பலர் திரும்ப எழுந்து நடப்பதில்லை.

1987 சட்டத்தின் வழிவந்த விதிகளில் ஒரு பகுதி எனக்கு மிகவும் பிடித்தது. பயிற்சி பெறுகிறவர் எந்த முதியவரையும் தொடுவதற்கு முன்பே 16 மணி நேரம் சில விஷயங்களைக் கற்றிருக்க வேண்டும் என்கிறது அது: எப்படிப் பேசுவது, தொற்று பரவாமல் எப்படித் தடுப்பது, தொண்டையில் உணவு அடைத்தால் என்ன செய்வது, அவரால் முடிந்ததை அவரையே எப்படிச் செய்ய விடுவது, அவருடைய உரிமைகள் எவை. மதினிக்குத் தெரியாமல் இருந்தவை பெரும்பாலும் இவைதான். நேரடியாகத் தேர்வு எழுதி வருகிறவர்கள் தாண்டிக் குதிப்பதும் இந்தப் பகுதியைத்தான். எனவே, வாசலை மூடச் சொல்லாமல் ஒரு திருத்தம் கேட்கிறேன். தேர்வில் தேறியவரை வேலைக்கு எடுக்கும் இல்லம், படுக்கையருகே அனுப்புமுன் அந்த 16 மணி நேரத்தைச் சம்பளத்தோடு கொடுக்கட்டும். பிறகு சில வாரங்கள் மூத்த உதவியாளர் ஒருவருடன் சேர்த்துப் போடட்டும். இல்லங்களுக்குக் கட்டுப்படியாகாது என்பார்கள். ஆள் நிற்காமல் ஓடுவதும், புது ஆள் தேடுவதும் அதைவிடச் செலவு.

கொரோனாவின்போது இந்தக் கேள்வி பெரிய அளவில் சோதிக்கப்பட்டது. 2020 மார்ச்சில் கூட்டரசு பயிற்சி விதியைத் தளர்த்தியது. எட்டு மணி நேர இணையவழிப் பாடம் முடித்தவர்களைத் தற்காலிக உதவியாளர்களாக உள்ளே எடுத்தார்கள். ஓட்டல் வேலை போனவர்கள், கல்லூரி மாணவர்கள், உள்ளே கிடந்த தாயைப் பார்க்க வேறு வழியில்லாத மகள்கள் எல்லாம் வந்தார்கள். அமெரிக்கப் பராமரிப்பு இல்லங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட முதியோர் மாண்ட காலம் அது; அந்தக் கைகள் இல்லாவிட்டால் என்னவாகியிருக்கும் என்று நினைக்கவே முடியவில்லை. 2022-ல் தளர்வை விலக்கிக்கொண்டபோது, சில மாநிலங்கள் அவர்கள் உழைத்த நேரத்தைப் பயிற்சியாகக் கணக்கில் எடுத்துக்கொண்டு தேர்வுக்கு அனுப்பின. மற்ற இடங்களில் முதலிலிருந்து வகுப்புக்குப் போகச் சொன்னார்கள். நல்ல பல பேர் அப்போது விலகிப்போனதைப் பார்த்தேன். பெருந்தொற்றில் பிணத்தருகே நின்றவரிடம் படுக்கை விரிப்பு மாற்றுவதைப் புதிதாகப் படித்துவிட்டு வா என்பது அநீதி.

அமெரிக்காவில் உள்ள உறவுகளுக்கு இந்த வேலையை நினைப்பவர்கள் கவனிக்க வேண்டிய சில விஷயங்கள் உண்டு. மாநிலப் பதிவேட்டில் பெயர் இருந்தால் மட்டுமே சி.என்.ஏ.; இணையத்தில் விற்கும் சான்றிதழ்கள் காகிதம்தான். இந்தியாவிலிருந்து ஆள் அழைத்துவர இந்த வேலைக்கென்று தனி விசா கிடையாது. அப்படிச் சொல்லிப் பணம் கேட்கும் ஏஜென்டை நம்பாதீர்கள். வேலை செய்ய அனுமதி உள்ளவர்களுக்கே இந்த வழி. வகுப்புக்குப் போகிறவர்களும் கையிலிருந்து செலவழிக்க அவசரப்பட வேண்டாம். வேலையில் சேர்த்துக்கொண்ட இல்லம் பயிற்சிக்குக் கட்டணம் வாங்கக் கூடாது. சொந்தப் பணத்தில் படித்தவர் ஓராண்டுக்குள் இல்லத்தில் சேர்ந்தால் அந்தச் செலவு திரும்பக் கிடைக்க வேண்டும். இரண்டும் கூட்டரசு விதிகள். நேர்காணலில் கேட்க யாரும் கூச்சப்பட வேண்டியதில்லை.

இதையெல்லாம் ஒரு தமிழ்ப் பத்திரிகையில் எழுதக் காரணம், மதினி போன்றவர்கள் நம் ஊரில்தான் அதிகம். தனியார் மருத்துவமனை வார்டுகளில் ஆயாவாகச் சேர்ந்து எல்லாம் கற்றுக்கொண்ட பெண்கள், ஏஜென்சி மூலம் வீடுகளுக்குப் போய் இரவு பகலாக முதியோரைப் பார்க்கும் 'ஹோம் நர்ஸ்'கள். கையில் தொழில் இருக்கிறது, அதைச் சொல்லும் ஒரு தாள் இல்லை. அதனால் சம்பளம் ஏறுவதில்லை. ஏஜென்சி பிடித்துக்கொண்டு கொடுப்பதுதான் கூலி. பிரதமரின் திறன் மேம்பாட்டுத் திட்டத்தில் முன்அனுபவத்தை அங்கீகரித்துச் சான்று தரும் பிரிவு ஒன்று இருக்கிறது. மருத்துவமனை உதவியாளர் பணிக்கான தகுதித்தரமும் வகுக்கப்பட்டிருக்கிறது. ஆனால், அங்கீகரிப்பது என்றால் ஒரு நாள் கூட்டிவைத்துப் பெயர் எழுதிக்கொண்டு அனுப்புவதாகிவிடக் கூடாது. படுக்கையருகே நிற்க வைத்து, கையைப் பார்த்து மதிப்பெண் போடும் கண்டிப்பான செய்முறைத் தேர்வு வேண்டும். அக்குளில் கைகொடுத்துத் தூக்குவதைத் திருத்தவும், திரையை இழுக்கப் பழக்கவும், தேறியவர்களுக்குக் கூலி இழப்பில்லாமல் இரண்டு நாள் வகுப்பு வேண்டும். யாரும் பெயரைத் தேடிப் பார்க்கக்கூடிய பதிவேடு வேண்டும்.

தமிழ்நாட்டில் மாவட்டந்தோறும் அரசு மருத்துவமனை இருக்கிறது, அனுபவமுள்ள செவிலியர்கள் இருக்கிறார்கள், செவிலியர் பள்ளிகளில் பயிற்சிக்கான கட்டிலும் பொம்மையும் இருக்கின்றன. விடுமுறை நாட்களில் அங்கேயே இந்தத் தேர்வை நடத்தலாம். தமிழ்நாடு திறன் மேம்பாட்டுக் கழகமும் மக்கள் நல்வாழ்வுத் துறையும் சேர்ந்து ஏதாவது ஒரு மாவட்டத்தில் இந்த ஆண்டே தொடங்க வேண்டும். தேர்வு தமிழில் இருக்கட்டும்.