அலுமாரிக்குள் இருக்கும் குரல்



எண்பதுகளில் அக்குறணை, மடவளை, கம்பளைப் பக்கங்களிலிருந்து அரபு நாடுகளுக்குப் போனவர்கள் கடிதத்தோடு கஸட்டிலும் பேசி அனுப்புவார்கள். பதிலும் பல வேளைகளில் அதே கஸட்டில்தான் போகும், முந்திய பேச்சை அழித்துக்கொண்டு. எங்கள் வீட்டில் மிஞ்சியது ஒன்றே ஒன்று. ஒரு பக்கத்தில் ஜித்தாவிலிருந்து வாப்பா. மறுபக்கத்தில் உம்மாவின் பதில். அதை அனுப்புவதற்குள் வாப்பா ஊர் வந்துவிட்டார்கள். இன்று இருவருமே இல்லை.

அதைக் கம்பியூட்டரில் ஏற்றப்போய் நான் முதலில் செய்தது மடத்தனம். ரெக்கோடரின் ஹெட்போன் துளையிலிருந்து வயரை இழுத்து, கம்பியூட்டரின் மைக் துளையில் செருகினேன். உம்மாவின் குரல் தகரத்தைத் தட்டியது போல வந்தது. மைக் துளை மிக மெல்லிய சமிக்ஞைக்கென்றே ஆனது. ரெக்கோடரின் வேகத்தை அது தாங்காது.

இடையில் வேண்டியது 'யூ.எஸ்.பி. ஓடியோ இன்டர்பேஸ்' எனும் சிறு பெட்டி. ஒலியை வெளியிலேயே எண்களாக்கி உள்ளே அனுப்புவது அதன் வேலை. பெஹ்ரிங்கர் யூ.சி.ஏ. 222 போன்ற சிறியதே கஸட்டுக்குப் போதும். மைக்குக்கான பெரிய பெட்டி கையிலிருந்தால் 'லைன்' என்பதில் வைத்து, 48 வோல்ட் பொத்தானை அணைத்துவிடுங்கள்.

பெட்டியை விடக் கஸட்டுக்குத்தான் பக்குவம் தேவை. கண்டியின் ஈரக்காற்றில் நாடாவில் வெள்ளைப் பூஞ்சணம் பிடிக்கும். பிடித்திருந்தால் ஓடவிடாதீர்கள்; தொழில் தெரிந்தவரிடம் காட்டுங்கள். இல்லாவிட்டால், நாடா தெரியும் விளிம்புக்கு எதிர்ப்புறம் இருக்கும் இரு பிளாஸ்டிக் நாக்குகளையும் முதலில் உடைத்துவிடுங்கள். கைதவறிப் பதிவுப் பொத்தானை அமுக்கினாலும் அழியாது. ரெக்கோடரின் ஹெட்டை ஐசோப்ரொபைல் அல்ககோல் தொட்ட பஞ்சால் துடையுங்கள். (பெயரைப் பார்த்து முகம் சுளிக்க வேண்டாம், அது குடிவகையல்ல, குடித்தால் நஞ்சு.)

பதிவதற்கு 2000 ஆம் ஆண்டில் வெளிவந்த ஓடாசிட்டி இருக்கிறது, இலவசம். அதில் பதிவுக் கருவியாக யூ.எஸ்.பி. பெட்டியைத் தெரிவு செய்யுங்கள். ஒலியின் உச்சம் −6 டெசிபலைத் தாண்டாதபடி ரெக்கோடரின் சத்தத்தைக் குறையுங்கள். சிவப்பைத் தொட்டு உடைந்த குரலைப் பிறகு முழுதாகச் சீராக்க முடியாது. 'ம்ம்' என்று இரைச்சல் வந்தால் மடிக்கணினியின் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். 'வேவ்' கோப்பாகவே சேமியுங்கள். ஒரு மணி நேரத்துக்கு 600 மெகாபைட்டுக்குச் சற்று மேல் போகும்.

ஒரு மணி நேரக் கஸட்டுக்கு ஒரு மணி நேரம் வேண்டும். உம்மாவின் பக்கத்தில் பன்னிரண்டாவது நிமிடம் வந்தபோது ஸ்பீக்கரை அணைத்துவிட்டு அறையை விட்டு எழுந்து போனேன். பதிவு ஓடிக்கொண்டிருந்தது. அது வாப்பாவுக்குச் சொன்னது, எனக்கல்ல. புருஷன் பெண்சாதி பேச்சு அமானிதம். அதனால் பிள்ளைகள் கேட்டபோதும் குடும்ப வட்ஸ்அப் குழுவில் அதைப் போடவில்லை. பிரதி ஒன்று என்னிடம், ஒன்று ராத்தாவிடம்.

உங்கள் அலுமாரியில் பல கஸட்டுகள் இருந்தால் 120 நிமிடக் கஸட்டை முதலில் எடுங்கள். 60 நிமிட நாடாவின் பாதித் தடிப்புத்தான் அதற்கு. இழுபட்டால் முதலில் போவது அதுதான்.