மரம் பாடுமா? காந்தம் பாடுமா?

வீணை செய்யும் தச்சன் நல்ல பலாமரத்தைத் தேடி அலைகிறான். கிடைத்த மரத்தைத் தட்டிப் பார்த்து, அதன் நாதத்தைச் செவியால் அறிந்த பின்னரே உளியைக் கையில் எடுக்கிறான். வீணையின் தந்தி தனித்து நின்று ஒலித்தால் அடுத்த அறைக்கும் கேளாது. குடத்தின் மரமும் தந்தியோடு சேர்ந்து அதிர்வதனாலேயே சபை முழுவதும் இசை நிரம்புகின்றது. ஆதலின், வீணைக்கு மரமே உயிர் என்பது மிகையன்று.

இக்கால இளைஞர் பலர் விரும்பும் மின்சாரக் கிற்றாருக்கும் இவ்விதி பொருந்துமா? ஆயத்தமாகக் கடையில் விற்பதை வாங்காது, தமக்கென ஒன்றைத் தாமே செய்துகொள்ள விழையும் மாணவர் முதலிற் கேட்பது, "எந்த மரம் நல்லது?" என்பதாகும். இரண்டாவதாக, "எந்தப் பிக்கப் நல்லது?" என்பர். அருகில் நிற்கும் தந்தையார் கேட்பது மூன்றாவது வினா: "இதற்கெல்லாம் எவ்வளவு செலவாகும்?" இம்மூன்றுக்கும் விடையாக, ஒரு தந்தையும் மகனும் சேர்ந்து செய்த ஒரு கிற்றாரின் கதையை இவ்வாரம் எமது வாசகர்களுக்குக் கூற விரும்புகின்றோம்.

1963 ஆம் ஆண்டு. லண்டன் மாநகரின் மேற்கே பெல்தம் என்னும் இடத்தில் வாழ்ந்த பிரையன் மே என்னும் மாணவருக்கு அப்பொழுது வயது 16. அமெரிக்காவிற் செய்யப்பட்ட பெண்டர், கிப்ஸன் கிற்றார்களின் மீது அவருக்குத் தீராத ஆசை. அவற்றை வாங்குவதற்கோ வீட்டிற் பணமில்லை. தந்தையார் ஹரோல்ட் மே மின்னணுத்துறையில் வரைவாளராகப் பணிபுரிந்தவர், கைவேலையில் வல்லவர். "வாங்க முடியாவிட்டால் என்ன, செய்துவிடுவோம்" என்று இருவரும் துணிந்தனர். வேலை முடிய ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் சென்றன. செலவு ஏறக்குறைய 8 பவுண் மாத்திரமே.

மரத்திற்கு அவர்கள் கடைக்குச் செல்லவில்லை. குளிர்நாட்டு வீடுகளிற் கணப்படுப்பைச் சுற்றி மரச்சட்டம் ஒன்று அமைத்திருப்பார்கள். நண்பர் ஒருவர் வீட்டிற் கழித்தெறியப்படவிருந்த அத்தகைய பழைய மகோகனிச் சட்டமொன்று அவர்களுக்குக் கிடைத்தது. கிற்றாரின் கழுத்து அதிலிருந்து செதுக்கப்பட்டது. மரத்தில் வண்டு துளைத்திருந்த ஓட்டைகளை நெருப்புக்குச்சி கொண்டு அடைத்தார்கள். உடலின் நடுப்பாகம் பழைய மேசையொன்றின் ஓக் மரம். சுற்றுப்புறம் மரத்துண்டுகளை ஒட்டிச் செய்த சாதாரணப் பலகை. மேலே மகோகனியின் மெல்லிய தகடு. உள்ளே சில அறைகளை வெறுமையாக விட்டார்கள். விரற்பலகையில் இடம் காட்டும் வெண்புள்ளிகள், முத்துச்சிப்பிப் பொத்தான்கள். தந்திகளைத் தளர்த்தி இறுக்கும் நெம்புகோலின் கீழே, பழைய மோட்டார்ச் சைக்கிளின் இரு வால்வுச் சுருள்விற்கள் பொருத்தப்பட்டன. அந்நெம்புகோலின் நுனியோ தாயாரின் பின்னல் ஊசியிலிருந்து வெட்டி எடுத்த துண்டு!

இது ஏழையின் சமாளிப்பு மாத்திரமன்று. இதில் நல்ல விவேகமும் அடங்கியிருக்கின்றது. மின்சாரக் கிற்றாரின் ஆறு உருக்குத் தந்திகளும் சேர்ந்து கழுத்தை ஏறக்குறைய 40 முதல் 50 கிலோகிராம் நிறையளவு விசையுடன் இழுத்துக்கொண்டேயிருக்கும். ஈரங் காயாத மரம் நாளடைவிற் சுருங்கி முறுகும். கழுத்து வளைந்தால் சுருதி நில்லாது. நெடுங்காலம் நெருப்பருகே நின்று உலர்ந்த மரத்திற்கு அந்தப் பயமில்லை. மரத்தின் பெயரைக் காட்டிலும், அது காய்ந்திருப்பதும், நேரான இழையுடன் இருப்பதுமே முக்கியம் என்பதை இளைஞர்கள் நினைவில் வைத்தல் வேண்டும்.

இனிப் பிக்கப் என்பது யாதென ஆராய்வோம். பலர் அதை ஒலிவாங்கி என எண்ணிவிடுகின்றனர். அஃது அன்று. ஒலிவாங்கி காற்றின் அதிர்வைக் கேட்கும். பிக்கப்போ காற்றையும் கேளாது, மரத்தையும் கேளாது. அது ஒரு காந்தம். அதனைச் சுற்றி மயிரிழை போன்ற செப்புக் கம்பியைப் பல்லாயிரம் சுற்றுக்கள் சுற்றியிருப்பார்கள். கம்பியின் தடிப்பு ஏறக்குறைய 0.06 மில்லிமீற்றர். மேலேயுள்ள உருக்குத் தந்தி காந்தத்தின் வசப்பட்டு நிற்கின்றது. தந்தி அதிரும்போது சுருளினூடே செல்லும் காந்தப் புலம் கூடிக் குறைகின்றது. அதனாற் சுருளில் மின்சாரம் பிறக்கின்றது. 1831 ஆம் ஆண்டில் மைக்கல் பரடே கண்டறிந்த உண்மையே இது. பாடசாலையில் நமது பிள்ளைகள் படிப்பதும் இதுவே. நைலோன் தந்தியைப் பூட்டினால் இந்தக் கிற்றார் ஊமையாகிவிடும் என்பதே இதற்குச் சாட்சி.

பிரையனும் தந்தையாரும் முதலிற் பிக்கப்புகளையும் தாமே செய்தார்கள். காந்தங்களை வாங்கி, கம்பியைத் தாமே சுற்றினார்கள். ஒலி நன்றாகவே இருந்தது. ஆனால், தந்தியை விரலாற் பக்கவாட்டில் வளைத்து வாசித்தபோது விரும்பத்தகாத ஓசையொன்று எழுந்தது. காந்த முனைகள் அமைந்திருந்த விதமே அதற்குக் காரணம். இரண்டாண்டு உழைப்பு வீணாயிற்றே என்று அவர்கள் மனஞ் சோரவில்லை. தமது சுருள்கள்தாம் சிறந்தவை என்று பிடிவாதம் பண்ணவும் இல்லை. பேர்ன்ஸ் நிறுவனத்தின் 'ட்ரை-சொனிக்' பிக்கப் மூன்றை விலைக்கு வாங்கிப் பொருத்தினார்கள். அவற்றின் உட்பாகம் அதிர்ந்து கீச்சிடாதவாறு அரல்டைட் பசையால் நிரப்பினார்கள். ஒவ்வொரு பிக்கப்புக்கும் இரண்டு சுவிச்சுகள்: ஒன்று அதனை இயக்கவும் நிறுத்தவும், மற்றது அதன் மின்னோட்டத்தைத் திசை மாற்றவும். இதனால் ஒரே கிற்றாரிற் பல குரல்கள் கிடைத்தன. மரத்திற் சிக்கனம் செய்தவர்கள் எங்கே காசை இறைத்தார்கள் என்பதை நோக்குக!

இவர்களுக்கு முன்னோடிகளாக விளங்கிய அமெரிக்கர்களும் மரத்தைப் பற்றி ஒரே கொள்கை உடையவர்களாக இருக்கவில்லை. 1930களின் தொடக்கத்தில் ரிக்கன்பாக்கர் நிறுவனம் விற்ற மின்சாரக் கிற்றாரின் உடல் மரமேயன்று, வார்த்தெடுத்த அலுமினியம். லெஸ் போல் என்னும் வாத்தியக்காரர் 1940 அளவில் நான்கங்குலச் சதுரமான பைன் மரக்கட்டையிற் பிக்கப்பைப் பூட்டி வாசித்தார். பார்ப்பவர் கண்ணுக்கு அழகாக இருக்கட்டும் என்று இருபுறமும் கிற்றாரின் பக்கங்களை ஒட்டிவைத்தார். லியோ பெண்டர் 1954 இல் வெளியிட்ட 'ஸ்ட்ராட்டோகாஸ்டர்' கிற்றாரை முதலில் ஆஷ் மரத்திற் செய்து, 1956 இற் பெரும்பாலும் ஓல்டர் மரத்திற்கு மாறினார். கிப்ஸன் நிறுவனத்தின் 1952 ஆம் ஆண்டு 'லெஸ் போல்' கிற்றாருக்கோ மகோகனி உடல், அதன் மேல் மேப்பிள் மரத்தகடு. இவையெல்லாம் பாடின; இன்றும் பாடுகின்றன.

அவ்வாறாயின் மரத்தால் ஒரு பயனும் இல்லையோ என்று கேட்பர். உண்டு. மரம் தந்தியின் அதிர்வைச் சிறிது வாங்கிக்கொள்ளும். எவ்வளவு வாங்குகிறது என்பதைப் பொறுத்து ஒலி நீளவோ குறுகவோ கூடும். எனினும், அந்த வேறுபாடு எவ்வளவு என்பதிற் கலைஞர்களிடையே இன்றும் வாதம் நடக்கின்றது. பிக்கப்பை மாற்றினால் உண்டாகும் வேறுபாட்டிலோ வாதமேயில்லை. கேட்டவர் எவரும் அறிவர். மரத்தின் பாரமும் உறுதியும், தோளிலும் கையிலும் அது தரும் சுகமும் வேறு எதனாலும் கிடையா. மூன்று மணிநேரம் தோளிற் சுமக்கவேண்டிய பொருள் இது என்பதையும் மறத்தலாகாது.

பிக்கப்பைத் தெரிவு செய்வோருக்குச் சில குறிப்புகள். ஒற்றைச் சுருள் உடையது தெளிந்த, கூரிய ஒலி தரும். ஆனால் வீட்டு மின்சாரக் கம்பிகளின் உறுமலையும் பற்றிக்கொள்ளும். இக்குறையை நீக்க, கிப்ஸன் நிறுவனத்தைச் சேர்ந்த செத் லவர் என்பவர் 1955 இல் இரட்டைச் சுருள் முறையொன்றிற்குக் காப்புரிமை வேண்டினார். இரு சுருள்களும் எதிரெதிர்த் திசையிற் சுற்றப்பட்டு, அவற்றின் காந்த முனைகளும் எதிரெதிராக அமைந்திருக்கும். வெளியிலிருந்து வரும் உறுமல் இரண்டிலும் மாறாக எழுந்து தம்முள் அழிந்துபோம். தந்தியின் ஒலியோ இரண்டிலும் ஒத்தெழுந்து கூடும். இதன் ஒலி தடித்தது, மென்மையானது. ஒலியைக் கூட்டிக் குறைக்கும் திருகி, ஒற்றைச் சுருளுக்கு 250 கிலோஓம், இரட்டைச் சுருளுக்கு 500 கிலோஓம் என்பது வழக்கம். பிக்கப்பைத் தந்திக்கு மிக அண்மையில் உயர்த்தினால் காந்தம் தந்தியை இழுத்துச் சுருதியைக் குழப்பும். பாலத்தருகே வைத்தாற் கூர்மையும், கழுத்தருகே வைத்தால் உருட்சியும் உண்டாகும். காசு செலவில்லாது செய்து பார்க்கக்கூடிய சோதனைகளுள் பிக்கப்பை உயர்த்தித் தாழ்த்திப் பார்ப்பதே முதலானது.

பிரையன் மேயின் கிற்றாருக்கு 'ரெட் ஸ்பெஷல்' என்று பெயர். அவர் 1970 இல் உருவான 'குயீன்' இசைக்குழுவிற் சேர்ந்து, அந்தக் கிற்றாரோடு உலகெங்கும் சென்றார். 2002 ஆம் ஆண்டில் பக்கிங்ஹாம் மாளிகையின் கூரைமீது நின்று அவர் நாட்டுக்கீதம் வாசித்ததும் அதே கிற்றாரில்தான்.

இக்கதைக்கு இன்னொரு பாகமும் உண்டு. வானியலில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த மகன், பட்டத்தை முடிக்காது இசையின் பின்னே போனபோது, தந்தையார் மிகவும் மனம் நொந்தார். கிற்றாரை இழைத்த அதே கைகளை உடையவர் நெடுநாள் மகனோடு முகங்கொடுத்துப் பேசவில்லை. பிற்காலத்தில் மகன் அவரை நியூயோர்க் நகரத்திற்கு அழைத்துச் சென்றார். அங்கே மடிசன் ஸ்குயர் கார்டன் அரங்கிலே திரண்டிருந்த சனக்கூட்டத்தின் நடுவே தமது கிற்றார் பாடுவதைக் கேட்ட பின்னரே, மகன் தெரிந்த வழியைத் தந்தையார் விளங்கிக்கொண்டார். 1988 இல் அவர் காலமானார். மகன் விட்ட ஆராய்ச்சியை மீண்டும் எடுத்து, 2007 இல் இம்பீரியல் கல்லூரியிற் கலாநிதிப் பட்டம் பெற்றபோது அதைப் பார்க்க அவர் இருக்கவில்லை.

பெற்றோர்களே, உங்கள் பிள்ளை கிற்றார் செய்ய மரம் வேண்டுமென்று கேட்டு வந்தால், விலையைக் கேட்டு ஏசிவிடாதீர்கள். வீட்டின் பின்புறத்தில், பாட்டனார் காலத்துக் கட்டிற் சட்டமோ கதவுப் பலகையோ சாய்ந்துகிடக்கக் கூடும். பிள்ளையோடு போய் அதை ஒருமுறை திருப்பிப் பாருங்கள். காசைப் பிக்கப்புக்கு வைத்துக்கொள்ளலாம்.